மூதூர் லோஞ்ச்காரனின் கபன் துணி

14.09.1974
கொழும்பிலிருந்து வந்துவிட்டேன். குடாவைக் கடக்கும் மூதூர் லோஞ்ச் படகின் சக்கரவர்த்தி ஸெய்னுதீனாகிய என் சலப்பையை வெட்டியெடுக்க ஏழு டொக்டர்மாரும் ஒரு பட்டாளமும் தேவைப்பட்டதாம். புற்றுநோய் அதன் சுவரையே தாண்டிவிட்டது. இனிச் சலம் வயிற்றில் ஒட்டிய பைக்குள்தான் வடியும். எவ்வளவு காலம் இருப்பேன் என்று கேட்டேன். "ஒரு வருசம் எண்டு வச்சுக்கொள்ளுங்கோ" என்றார் பெரிய டொக்டர்.

20.09.1974
துணித் தட்டுப்பாட்டுக் காலம். என் கீர்த்திக்கு இழுக்கு வராமல் சரீப்பின் கடையில், மௌத்தானால் உடலைச் சுற்றும் கபன் துணியைத் தாராளமாக வாங்கிவைத்தேன். "கப்பலுக்குப் பாய் கட்டப்போறீங்களா?" என்றான். என் மனைவி றுக்கியா அதை மடித்து அலுமாரிக்குள் வைத்தாள்.

02.10.1974
எனக்கு மூத்தவரான காக்கா மௌத்தாகிவிட்டார்; அவர் மகள் லைலாவுக்கு நான்தான் வொலி. வாப்பாவின் இடத்தில் இருந்து, பேசிவைத்த மாப்பிள்ளை லாபிரின் கையைப் பிடித்து நான் கலியாணம் செய்துகொடுக்கவேண்டும். ஆகவே அடுத்த மாதமே கலியாணம் என்று பிரகடனம் செய்தேன். அவளுக்கோ ஆசிரியர் கலாசாலையில் இடம் கிடைத்திருக்கிறது. இரண்டு வருடம்!
"நான் படிக்கப் போறன் சாச்சா."
"அதுக்குள்ள நான் போயிருவன் புள்ள."
"அப்ப போகாம இருங்க."
உயிரெடுக்கும் மலக்கோடு இவள் கதைத்துவைத்திருக்கிறாளா?

19.03.1975
பை கசிகிறது. இடுப்போடு இறுக்கிக் கட்டப் பட்டி வேண்டும். றுக்கியா அலுமாரியைத் திறந்தாள்.
"அது என்ட கபன்!"
"இப்ப இதுக்குத்தான் தேவை." கிழித்தாள்.

14.09.1975
வருடம் முடிந்தது. நான் முடியவில்லை. ஆனால் முதுகு நொந்தாலே, புற்று திரும்பி வந்துவிட்டதோ என்று பயம்.

28.11.1976
குடாவின் அக்கரையில், ஓர்ஸ் ஹில்லில் டொக்டர் இக்னேசியஸிடம் காட்டினேன்.
"ஒரு வருசம் தந்தாங்க, நான் ரெண்டு எடுத்திட்டன். களவோ?"
சிரித்தார். "அது அண்டைய கதை. இந்த வருத்தம் கூடுதலா முதல் ரெண்டு வருசத்துக்குள்ளதான் ஆளைக் கொண்டுபோகும். அதைத் தாண்டினவருக்குப் பழைய கணக்குச் சொல்ல ஏலாது."
"அப்ப எனக்கு மௌத்தே இல்லையோ?"
"எல்லாருக்கும் உள்ளது உங்களுக்கும் இருக்கு. அதோட இந்த வருத்தத்தால இன்னும் கொஞ்சம்."
குடாவின் வாயில் பெரிய அலையைத் தாண்டியபின் அதே அலைக்கு யார் நடுங்குவது? ஆனால் கொழும்பு ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டிலில் கிடந்த கிறிஸ்தோபருக்கும் அதே ஒரு வருடம்தான் சொன்னார்கள். ஆறு மாதம்கூட இருக்கவில்லை, பாவம். நான் என்ன கெட்டித்தனம் காட்டினேன்? ஒன்றுமில்லை.
"இனியாவது கலியாணத்த வச்சிருவம்" என்றாள் றுக்கியா.
"லைலாவுக்கு வேலை கிடைக்கட்டும். என்ன அவசரம்?"
சொன்னது என் வாயா?

08.01.1978
லைலா டீச்சரின் கலியாணம். லாபிரின் கையைப் பிடித்து நான் சொல்லிக்கொடுத்த கலியாண வார்த்தைகள் கிண்ணியா வரை கேட்டிருக்கும். சாரனுக்குள் புதுப் பட்டி, கபனின் கடைசித் துண்டு.
"கபன் முடிஞ்சுபோச்சே, புதுசு வாங்கட்டா?" என்று றுக்கியாவிடம் கேட்டேன்.
"இப்ப கடையெல்லாம் துணிதானே. மெதுவா வாங்கலாம்" என்றாள்.