153க்கு வந்து சேராத எண்

மணவாளக்குறிச்சி,
9-1-1953

அன்புள்ள நேசபாய்க்கு,

இங்கே நானும் அம்மாவும் சுகம். நீ நாகர்கோவில் பள்ளிக்கூடத்துக்குக் கணக்கு டீச்சராகப் போய் ஏழு மாதம் ஆகிறது. தற்காலிக வேலைதான் என்று சொல்லிவிட்டுப் போனாய். இப்போது நிரந்தரமாக்கப்போகிறார்கள் என்று எழுதுகிறாய். வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிடு. கட்டளையிடுகிறேன் என்று நினைக்காதே. நிரூபித்தே காட்டுகிறேன்.

மணல் கம்பெனியில் கைவண்டிக்கு மூன்று மூட்டை வீதம் வருகிறது. மொத்தத்தைக் குறிப்பது என் வேலை. ஒரு நாள் காலையில் 18 மூட்டை. பொழுது போகாமல் ஒவ்வொரு இலக்கத்தின் கனத்தையும் கூட்டினேன். 1×1×1 ஒன்று, 8×8×8 ஐந்நூற்றுப் பன்னிரண்டு, ஆக 513. அதையும் அப்படியே செய்தால் 153. மறுபடி செய்தாலும் 153தான், அதற்கப்புறம் அசையவில்லை. நாற்பத்தொரு நாள் எண்களைப் பார்த்துவிட்டேன். எதில் தொடங்கினாலும் கடைசியில் 153. பேதுருவின் வலையில் விழுந்த மீனும் 153 என்று யோவான் எழுதியிருக்கிறார். எந்த எண்ணுக்கும் போய்ச் சேர ஓர் இடம் உண்டு. மனைவிக்கும் அப்படித்தான்.

உன்
ரசலையன்


நாகர்கோவில்,
16-1-1953

அன்புள்ள அத்தானுக்கு,

கடிதம் கிடைத்தது. இத்தனை பெருக்கலுக்கு நடுவில் நான் சுகமா என்று ஒரு வரி கேட்டிருக்கலாம். சுகந்தான்.

பெருக்கலில் பிழையில்லை. ஆனால் வண்டிக்கு மூன்று மூட்டை என்றால் உங்கள் எண்களெல்லாம் மூன்றால் வகுபடும். அந்த வகை எண்கள் 153க்குத்தான் வரும். மற்ற எண்களை நீங்கள் பார்க்கவே இல்லை. 371ஐ எடுங்கள். 27, 343, 1. கூட்டினால் அதே 371. வகுப்பில் போட்டுக் காட்டினேன். ராகேல் என்ற பிள்ளை, "இது ஓரிடமும் போவாதா டீச்சர்?" என்று கேட்டாள். "போவாது மக்கா, அதுக்கு இருக்க இடமே கொள்ளாம், நல்ல இடம்" என்றேன்.

நிரந்தர வேலைக்கு நேற்றுக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். மணவாளக்குறிச்சிக்குத் திரும்பி வரமாட்டேன். உங்களை வேண்டாம் என்று சொல்லவில்லை. பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இரண்டு அறை வீடு ஒன்று காலியாக இருக்கிறது. இந்த மாதம் முடியும்வரை நமக்காக நிறுத்திவைக்கச் சொல்லியிருக்கிறேன்.

மாமிக்கு என் அன்பு.

நேசபாய்


மணவாளக்குறிச்சி,
27-1-1953

அன்புள்ள நேசபாய்க்கு,

முதலிலேயே கேட்டுவிடுகிறேன்: சுகமா?

371ஐ இருபது தடவை சோதித்தேன். பிழை கிடைக்கவில்லை. 370, 407 இரண்டும்கூட அப்படியே நிற்கின்றன. நீ எழுதாமல் விட்டதால் அவற்றைக் கண்டுபிடித்தவன் நான்தான்.

அம்மாவிடம் எல்லாவற்றையும் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஏலே மக்கா, பெஞ்சாதிகூட இருக்கதுக்கு இம்புட்டு கணக்கா? பஸ்ஸு ஓடுதுல்லா?" என்றாள். ஓடுகிறது. மூன்று நாள் நிறுத்தத்தில் நின்று பார்த்தேன். காலையில் அங்கே ஏறினால் வேலை நேரத்துக்கு இங்கே வந்துவிடலாம். அம்மா ஆட்டை விட்டுவிட்டு வரமாட்டாளாம். ஞாயிறுதோறும் நாம் இங்கே கோவிலுக்கு வந்தால் போதும் என்கிறாள்.

சனிக்கிழமை மத்தியான பஸ்ஸில் பெட்டியோடு வருகிறேன். வீட்டுக்காரரிடம் சொல்லிவை. உன் கணக்கைப் பார்த்துத்தான் வந்தேன் என்று வகுப்பில் சொல்லாதே.

அந்த நேரத்தில் வெயில் கடுமையாக இருக்கும். நிறுத்தத்தில் வந்து நிற்கவேண்டாம். நின்றால் குடை பிடித்துக்கொள்.

ரசலையன்