நூற்றுப் பத்து கிராம்

என் அருமை அத்தானுக்கு,

தராசுதான் எழுதுகிறேன். நீங்கள் வைத்த பெயர். உங்களுக்குப் பிறகு என்னை அப்படிக் கூப்பிட ஆளில்லை. எட்டு மாதமாக உங்கள் படத்தைப் பார்த்து மனசுக்குள் புலம்பியிருக்கிறேனே தவிர, ஒரு வரி எழுதியதில்லை. இன்று மதியம் செல்வி அக்காவிடமிருந்து போனில் ஒரு மெசேஜ் வந்தது. அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குப் புரியவில்லை. உங்களைத் தவிர யாரிடம் போய்க் கேட்பேன்?

ஊர் சேதி ஒன்றும் பெரிதாக இல்லை. லஸ் பக்கம் மெட்ரோ ரயில் வேலைக்கு அடைத்த தகரம் அப்படியேதான் நிற்கிறது. சுற்றி வருவதற்குள் உயிர் போகிறது. நீங்கள் இருந்தால், "சைக்கிள்ல வா நைனா, சந்துல பூந்துகினு போய்டலாம்" என்றிருப்பீர்கள். தி. நகரில் நம் பாத்திரக் கடையில் கல்யாணக் கூட்டம். குடத்தைத் தராசில் வைக்கிறேன், எடை சொல்கிறேன், இறக்குகிறேன். கை பாட்டுக்கு வேலை செய்கிறது. நான் அங்கே இல்லை.

போன மாதம் அடையாறிலிருந்து ஒரு பெண் வந்தாள். சைக்கிளிலேயே பையைக் கட்டிக்கொண்டு ஒரு வாரம் சுற்றப் போகிறாளாம். "அண்ணா, நீங்க எடை போட்டுப் பாத்து, எதை எடுத்துடலாம்னு கரெக்டா சொல்வீங்களாமே" என்று பையைத் தராசில் வைத்தாள். பிரித்துப் பார்த்தேன். டென்ட் இல்லை, மெல்லிய தார்ப்பாய். போர்வைக்குப் பதில் நாலு முழ வேட்டி. டூத் பிரஷ் பாதியாக வெட்டியிருந்தது. பனியன் கழுத்திலிருந்த துணி லேபிளைக்கூடக் கத்தரித்திருந்தாள். எல்லாம் என் யோசனைகள், யார் யார் வாய் வழியாகவோ அவளிடம் போயிருக்கின்றன.

"பின்னாடி மாட்டுற லைட் எங்கம்மா?" என்றேன். "பகல்லதானே ஓட்டப் போறேன், அண்ணா. எதுக்கு வீண் வெயிட்டு?" என்றாள். அவ்வளவுதான். "ரெண்டு மாட்டு! மூணு மாட்டு! யார் சொன்னாலும் கழட்டாதே!" என்று கத்திவிட்டேன். சாமான் வாங்க வந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அவள் பயந்துபோய்ப் பையைக் கட்டிக்கொண்டு போய்விட்டாள். பாவம், அவள் என்ன தப்பு செய்தாள்?

நமக்கு இந்தக் கிறுக்கு பிடித்தது முதல் பாண்டிச்சேரி பயணத்தில். தலையணை கொண்டுவந்தீர்கள், அத்தான்! தலையணை! அதோடு நம் கடை மூன்றடுக்கு டிபன் கேரியர், குடை, கனமான ஒரு பித்தளைச் செம்பு. "ஊட்ல இருக்கிற மாரி இருக்கணும் மச்சான்" என்றீர்கள். திரும்பி வந்து எடை போட்டால் பதினாலு கிலோ. முழங்கால் வீங்கி நாலு நாள் கிண்டி ஆபீஸுக்கு லீவு போட்டீர்கள். வெந்நீர் ஒத்தடம் கொடுத்துக்கொண்டே அக்கா என்னைப் பார்த்துச் சொன்னாள்: "இனிமே இவர் எதைத் தூக்குறாருங்கறதை நீ பாத்துக்கோ. உன் பொறுப்பு."

என் பொறுப்பு. அதைத் தலைக்கு மேல் ஏற்றிக்கொண்டேன். கடையில் கனம் இருந்தால்தான் பாத்திரத்துக்கு மதிப்பு. அப்படிப்பட்ட கடையில் பிறந்து வளர்ந்தவன், சைக்கிள் என்று வந்தால் கனத்தை ஜென்மப் பகை மாதிரி விரட்டினேன். ஒவ்வொரு பையும் ஏழு கிலோ, அதற்கு மேல் ஒரு கிராம் கூடாது என்று சட்டம் போட்டேன். சாமானை மூன்று குவியலாகப் பிரிப்பேன். தினமும் வேண்டியது ஒன்று, தேவைப்பட்டாலும் படலாம் என்பது ஒன்று, தேவையே வரக் கூடாதே என்று சாமி கும்பிட வேண்டியது ஒன்று. எடை குறைக்க முதலில் மூன்றாவது குவியலில்தான் கை வைப்பேன். நீங்களும் சிரித்துக்கொண்டே விட்டுக்கொடுப்பீர்கள்.

தனுஷ்கோடிப் பயணத்துக்கு நான் போட்ட கணக்கு உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதா? ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. வெயிலில் ஓட்டினால் ஆளுக்கு இரண்டு பாட்டில் வேண்டும். இருட்டோடு கிளம்பினால் ஒன்று போதும். ஒரு பாட்டிலை மிச்சம் பிடிக்க, ஆறு மணிக்குக் கிளம்ப வேண்டியவர்களை நாலு மணிக்கு இழுத்தேன். இருட்டில் போகிறோமே, வெளிச்சம் வேண்டுமே என்று இந்த மரமண்டைக்கு உறைக்கவில்லை.

மயிலாப்பூரிலிருந்து நேராகத் திருவான்மியூர் போய் நின்றிருக்கலாம் நீங்கள். நான் அங்கே வந்து சேர்ந்திருப்பேன். தராசு என் கடையில் இருந்ததால் தி. நகருக்கு வரச் சொன்னேன். ஷட்டரைப் பாதி தூக்கி, உங்கள் பையைத் தூக்கித் தட்டில் வைத்தேன். ஏழு கிலோ எண்பத்தாறு கிராம். பையின் பின்வாரில் உங்கள் பெரிய சிவப்பு லைட் மாட்டியிருந்தது. தனியாக வைத்துப் பார்த்தேன், நூற்றுப் பத்து கிராம். கழற்றினேன். பதினாலு கிராமில் ஆன்லைனில் வாங்கிய குட்டி லைட்டை மாட்டினேன். ஆறு கிலோ தொள்ளாயிரத்துத் தொண்ணூறு.

"நூத்திப் பத்து கிராம்தானே? ரெண்டு இட்லி கம்மியா துன்றேன், வுடேன் தராசு" என்றீர்கள்.

"சட்டம்னா சட்டம், அத்தான்" என்றேன்.

அதற்கு மேல் நீங்கள் பேசவில்லை. ஏன் பேசவில்லை? இரண்டு திட்டு திட்டி அதைப் பிடுங்கி மாட்டியிருக்கலாமே. மச்சினன் மனசு கோணக் கூடாது என்றா விட்டுவிட்டீர்கள்?

முட்டுக்காட்டுக்குக் கொஞ்சம் முன்னால், இன்னும் விடியவில்லை. நான் முன்னால் போய்க்கொண்டிருந்தேன். பை காற்று மாதிரி இருக்கிறது என்று எனக்கு அவ்வளவு பெருமை. பின்னால் சத்தம் கேட்டுத் திரும்பி வந்தேன். உங்கள் மேல் மோதிய வேனின் டிரைவர் ரோட்டில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டிருந்தார். "முன்னால சைக்கிள் கீதுன்னே தெரில சார். சத்தியமா தெரில சார்." உங்கள் பையைப் பார்த்தேன். குட்டி லைட் உடையாமல் அப்படியே இருந்தது. ஆனால் எரியவில்லை. எப்போதோ செத்திருக்கிறது.

ஆம்புலன்ஸ் வருவதற்குள் நான் ஒரு காரியம் செய்தேன், அத்தான். உங்கள் தலையை மடியில் வைத்துக்கொண்டு, இன்னொரு கையால் அந்தக் குட்டி லைட்டைக் கழற்றி என் பாக்கெட்டில் போட்டுக்கொண்டேன். என்ன மனுஷன் நான்? ஒருவரும் என்னைக் கேட்கவில்லை. பெரிய லைட் மோதலில் எங்கோ தெறித்து விழுந்திருக்கும் என்று எல்லாரும் நினைத்துக்கொண்டார்கள். நானும் அப்படியே விட்டுவிட்டேன்.

போன ஞாயிற்றுக்கிழமை அக்கா கூப்பிட்டாள். உங்கள் ஷூ, ஹெல்மெட் எல்லாவற்றையும் யாருக்காவது கொடுத்துவிடு என்றாள். எடுத்து வைத்துக்கொண்டிருந்தவள், ஹாலில் சுவரிலிருந்த பிளக்கைப் பார்த்தபடி நின்றுவிட்டாள். இளைத்துத் துரும்பாகிவிட்டாள், அத்தான். கழுத்தெலும்பு தெரிகிறது.

"உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்டா. யார்கிட்டயும் சொல்லல" என்றாள். "கிளம்பறதுக்கு முந்தின நாள் சாயங்காலம் அவர் லைட்டை இதுலதான் சார்ஜ் போட்டிருந்தாரு. என் போன்ல சார்ஜ் இல்லைன்னு நான் அதைப் புடுங்கிட்டு என் போனைப் போட்டேன். அப்புறம் மாட்ட மறந்தே போச்சு. காலைல அதை எடுத்து மாட்டிக்கிட்டுப் போனாரு. பாதி வழில அணைஞ்சிருக்கும்டா. அதான் அந்த வேன்காரனுக்குத் தெரியல. என் கையாலயே..."

எட்டு மாதமாக அந்த பிளக்கில் அவள் எதையுமே சொருகவில்லையாம். போனைக் குளியலறைப் பக்கம் இருக்கிற பிளக்கில்தான் போடுகிறாளாம்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? "அப்படியெல்லாம் இருக்காதுக்கா" என்று சொல்லிவிட்டு, ஷூவைத் தூக்கிக்கொண்டு கீழே இறங்கிவிட்டேன். உண்மை வாய் வரைக்கும் வந்தது, அத்தான், வெளியே வரவில்லை. அப்பா அம்மா போன பிறகு எனக்கு இருப்பது அவள் ஒருத்திதான். அவளும் இல்லை என்றால் எனக்கு யார்?

மறுநாள் கடை மேசை டிராயரைத் திறந்தேன். பழைய பில் புத்தகங்களுக்கு அடியில் உங்கள் பெரிய லைட். அன்று காலை தூக்கிப் போட்டது, எட்டு மாதமாகத் தொடவில்லை. பொத்தானை அழுத்தினேன்.

எரிந்தது.

பளிச்சென்று எரிந்தது, அத்தான். சார்ஜ் காட்டுகிற நாலு பச்சைப் புள்ளியில் மூன்று எரிந்தது, இத்தனை மாதம் கிடந்த பிறகும். அக்கா பிடுங்குவதற்கு முன்னாலேயே அது நிறைந்திருக்கிறது. அது உங்கள் பின்னால் இருந்திருந்தால் தனுஷ்கோடி வரைக்கும் எரிந்திருக்கும். கல்லாவில் உட்கார்ந்து ஓவென்று அழுதேன். வெண்கலப் பானை வாங்க வந்த அம்மா ஒருத்தி, "தண்ணி குடிப்பா" என்று தன் பாட்டிலை நீட்டினாள்.

புதன்கிழமை மாலை அக்கா வீட்டுக்குப் போனேன். இரண்டு லைட்டையும் சாப்பாட்டு மேசையில் வைத்தேன். தராசில் வைத்தது, கழற்றியது, பாக்கெட்டில் போட்டுக்கொண்டது, ஒன்று விடாமல் சொன்னேன். பெரிய லைட்டை எரியவிட்டுக் காட்டினேன். "உன் மேல தப்பே இல்லக்கா, இதப் பாரு, எரியுது" என்றேன். ஒரு பைத்தியக்காரன் மாதிரி அதையே திரும்பத் திரும்பச் சொன்னேன்.

அக்கா அழவில்லை. லைட்டைக் கையில் எடுத்து இரண்டு முறை தூக்கிப் பார்த்தாள், கடையில் கரண்டி வாங்க வருகிறவர்கள் பார்ப்பார்களே, அப்படி.

"இது என்ன கனம்டா?"

"நூத்திப் பத்து கிராம்."

"இதுக்கா?"

கோபம் தலைக்கேறினால் அக்காவுக்கு எங்கள் அப்பா ஊர்த் தெற்கத்திப் பேச்சு வந்துவிடும், உங்களுக்குத் தெரியும். "எட்டு மாசம்ல! எட்டு மாசம் என் கையை நானே வெட்டிப் போடலாமான்னு பாத்துக்கிட்டு இருந்தேன்ல! தெனமும் இந்த வீட்டுல வந்து சோறு தின்னுட்டுப் போனியே, ஒரு வார்த்தை சொல்லத் தோணலையால உனக்கு?" என்றாள். அப்புறம் குரல் இறங்கிவிட்டது. "போயிரு" என்றாள். கதவு சாத்தும் சத்தம்கூடப் பெரிதாக இல்லை.

வியாழன், வெள்ளி, போன் எடுக்கவில்லை. அவள் ஏதாவது செய்துகொண்டுவிடுவாளோ என்று பயந்து, தெரு முனை டீக்கடையில் நின்று அவள் வீட்டு பால்கனியையே பார்த்துக்கொண்டிருந்தேன். துணி காயப்போட வந்தாள். அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. மேலே போக தைரியம் வரவில்லை.

இன்று மதியம் வந்த மெசேஜ் இதுதான், அத்தான். முதலில் ஒரு போட்டோ. ஹாலில் இருக்கிற அந்த பிளக். அதில் சொருகிய ஒயரின் நுனியில் உங்கள் சிவப்பு லைட், நாலு பச்சைப் புள்ளியும் எரிகிறது. கீழே ஒரே வரி: "ஃபுல் ஆயிடுச்சு. வந்து மாட்டிக்கோ."

தம்பி என்று இல்லை, டேய் என்று இல்லை. இது மன்னிப்பா? உன் பொருளை எடுத்துக்கொண்டு ஒழி என்பதா? நூறு தடவை படித்துவிட்டேன். எனக்குத் தெரிந்ததெல்லாம், அந்த பிளக்கில் அவள் மறுபடி கை வைத்திருக்கிறாள் என்பது மட்டும்தான்.

நாளைக்குப் போகிறேன், அத்தான். நன்றாக விடிந்த பிறகு, சைக்கிளில். செருப்பால் அடித்தாலும் வாங்கிக்கொள்கிறேன். லைட்டை அவள் கையாலேயே மாட்டச் சொல்லிக் கேட்கிறேன், மாட்டினால் என் கட்டை சாய்கிற வரை அதைக் கழற்ற மாட்டேன். மாட்டாமல் கையில் கொடுத்தனுப்பினாலும், எது தேவை எது தேவையில்லை என்று இனி எவர் பையிலும் நான் கை வைக்க மாட்டேன். அக்காவிடமிருந்து எதையும் மறைக்க மாட்டேன். இது உங்களுக்குக் கொடுக்கிற வாக்கு.

இப்படிக்கு,
உங்கள் மச்சினன்,
நாளையும் செல்வியின் தம்பியாக இருக்க ஏங்குகிறவன்.