உன் கையில் கொடுத்த தாரா

என் வயிற்றெரிச்சலைக் கிளப்பிவிட்டுப் போய்ச் சேர்ந்த அன்பு அண்ணனுக்கு,

லடாக்கிலிருந்து நீ போனில் கூவியது இன்னும் காதில் இருக்கிறது. "ஏட்டி, இன்னைக்கு சாமியத் தூக்குனேன்!" மடத்தின் கூரை ஒழுகியதாம். வெண்கலப் புத்தரை வேறு அறைக்கு மாற்ற, ராணுவ லாரி ஓட்டிய உன்னைக் கூப்பிட்டார்களாம். வயதான பிக்கு உன் ஊரைக் கேட்டார், தெருவைக் கேட்கவில்லை. "நெஞ்சோட அணைச்சுத் தூக்குனேன்ட்டி. சில்லுன்னு இருந்துச்சு."

சந்தோஷம் என்று சொன்னேன். பொய். அதே வாரம்தான் நம் ஊரில் உற்சவர் புறப்பாடு. நம் தெருமுனைவரை வந்து, வழக்கம்போலத் திரும்பிப் போனார். அப்பா தேங்காய்த் தட்டோடு நின்றுகொண்டிருந்தார். உனக்கு மட்டும் எப்படி அண்ணே வாய்த்தது?

பிறகு நிலச்சரிவு உன்னை லாரியோடு கொண்டுபோனது. உன் பெட்டியில், அந்தப் பிக்கு உனக்குத் தந்த சின்ன வெண்கலத் தாரா, அவர்கள் கும்பிடும் பெண் தெய்வம், வந்தாள். ஒரு காலை மடக்கி, மறு காலைக் கீழே இறக்கி, கூப்பிட்டால் எழுந்து வருகிறவளைப்போல உட்கார்ந்திருக்கிறாள். அம்மா அவளைப் புளி போட்டுத் தேய்க்கப் போனாள். முகத்தில் இருக்கிற பொன்பூச்சு போய்விடும் என்று பிடுங்கினேன். இப்போது அம்மா நாள் முழுக்க அவளோடுதான் பேசுகிறாள். உயிரோடு இருக்கும் பிள்ளை நான்தானே?

போன வாரம் உன் கணக்கு வாத்தியார் துக்கம் கேட்க வந்தார். வாசலில் நாற்காலி போட்டோம். உள்ளே வரவில்லை. தாராவைத் தூரத்திலிருந்தே பார்த்தார்.

"ஏட்டி, இதுக்கெல்லாம் ஆசாரம் பாக்கணும். எங்க பூசை ரூமுல வச்சிக்கிடுதேன். நீங்க எப்ப வேணும்னாலும் வந்து பாத்துக்கிடுங்க."

"சார் சொல்லுதாவல்லா, குடுத்துருவமாட்டி?" என்றாள் அம்மா.

"தொட்டுக்கிடலாமா சார்?" என்று கேட்டேன்.

"பாத்தா போதாதாக்கும்?"

"அப்ப நீங்க இங்கன வந்து பாருங்க. தொடவும் செய்யலாம். உள்ள வாங்க."

செருப்பைத் தேடிக் காலில் மாட்டிக்கொண்டு போனார். "பெரிய மனுசரப் போயி இப்படிப் பேசலாமாட்டி?" என்று அம்மா திட்டினாள். ஆனால் தாராவைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

பொறாமை மட்டும் தீரவில்லை. உனக்கு அவளை இன்னொரு மனிதர் கையில் கொடுத்தார். நான் நானாகத்தான் எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. அந்த ஒன்றுக்காக உன்னை மன்னிக்கவே மாட்டேன்.

இனி நம் வீட்டுக்குள் வருகிற யாராக இருந்தாலும், அவளைத் தொட வேண்டுமென்றால், எதுவும் கேட்காமல் கையில் கொடுப்பேன். வாத்தியார் வந்தாலும்தான்.

உன்னோடு சண்டை தீராத,
உன் கூடப்பிறந்தவள்
செல்வி