காபி டின் தோட்டாக்கள்

லூயிஸ்டவுன், மொன்டானா

அன்பும் மதிப்பும் மிக்க ஆர்வில் அவர்களுக்கு,

இன்று 2019ஆம் ஆண்டு அக்டோபர் 14, திங்கட்கிழமை. எனக்கு வயது எழுபத்தெட்டு, மூன்று மாதம், ஒன்பது நாள். நினைவாற்றலைச் சோதிக்கும் மருத்துவர்கள் முதலில் இதைத்தான் கேட்கிறார்கள் என்று உங்கள் மகள் கார்லா தொலைபேசியில் சொன்னாள். ஆகவே எழுதுகிறவளின் புத்தி நிலையாக இருக்கிறது என்பதை முதலில் நிறுவிவிட்டு விஷயத்துக்கு வருகிறேன். இக்கடிதத்தை கார்லாவும் படிப்பாள். படிக்கட்டும். உங்களுக்குத் தெரிந்த சிலவற்றையும் அவளுக்காகவே இங்கே விளக்கி எழுதுகிறேன்.

சுட்ட கூடுகளில் மறுபடி தோட்டா நிரப்பும் உங்கள் இயந்திரம் பத்திரமாக இருக்கிறது. கார்லாவோடு இருக்க டூசானுக்குப் புறப்படும் முன் அதை என் கார்க்கொட்டகையில் இறக்கிவைத்துவிட்டு, நன்றி சொல்ல எனக்கு நேரம் கொடுக்காமல் போய்விட்டீர்கள். நன்றி சொல்வது எனக்குக் கைவராத கலை என்று என் கணவர் எம்மெட் உயிரோடிருந்தவரை சொல்லிக்கொண்டிருந்தார். அவர் சொன்னது சரி. இருந்தாலும் சொல்கிறேன். எம்மெட் விட்டுப்போன பழைய இயந்திரத்தில் ஒரே ஒரு தோட்டாவை முடிக்கக் கைப்பிடியைத் திரும்பத் திரும்ப இழுக்க வேண்டும். என் விரல் மூட்டுகள் அதற்கு எப்போதோ மறுப்புத் தெரிவித்துவிட்டன. உங்கள் இயந்திரத்தில் வட்டத்தட்டு சுழல்கிறது, எல்லா நிலைகளிலும் ஒரே சமயத்தில் வேலை நடக்கிறது, ஒரு இழுப்புக்கு ஒரு தோட்டா வந்து விழுகிறது. வியாழக்கிழமைகளில் நான் மறுபடியும் நம் துப்பாக்கிச் சங்கத்தில் சுடுகிறேன். இதை நீங்கள் தந்தீர்கள். மிக்க நன்றி.

இனி என் தொடக்க காலச் சாதனைகள். முப்பது ஆண்டுகள் பள்ளியில் வேதியியல் கற்பித்தவளுக்கு இதெல்லாம் எம்மாத்திரம் என்ற எண்ணத்தோடுதான் உட்கார்ந்தேன். முதல் நாள், தீப்பொறி தருவதற்காகத் தோட்டாவின் பின்புறத்தில் பதிக்க வேண்டிய கேப்புகளில் பாதியைக் கோணலாக நசுக்கினேன். வெளியே தள்ளப்பட்ட பழைய கேப்பு ஒன்று தேநீரில் விழுந்தது. கைப்பிடியைப் பாதிவரை இழுத்துவிட்டு, சந்தேகம் வந்து மேலே விட்டேன். அதை மட்டும் செய்யவே கூடாது என்று நீங்கள் தொலைபேசியில் மூன்று முறை சொல்லியிருந்தீர்கள். எந்தப் பித்தளைக் கூட்டுக்கு வெடிமருந்து விழுந்தது, எதற்கு விழவில்லை என்பது தெரியாமல் போகவே, தட்டில் இருந்த அத்தனையையும் கொட்டிவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தேன்.

அன்று சங்கத்து டுவைட் வந்திருந்தான். என்னிடம் படித்தவன், வேதியியலில் தேறாதவன், இப்போது சுடுகளத்தில் நமக்கெல்லாம் கட்டளையிடுகிறவன். கொஞ்ச நேரம் வேடிக்கை பார்த்துவிட்டு, "டீச்சரம்மா, இது தையல் மெஷின் இல்ல, இவ்ளோ பாசமா தடவாதீங்க, முழுசா இழுங்க" என்றான். பரீட்சையில் அவன் அமிலத்தையும் காரத்தையும் மாற்றி எழுதியதை நினைவூட்டினேன். "அதனாலதான் நான் கடையில வாங்கின தோட்டாவையே சுடறேன்" என்றான். அவனிடமும் கொஞ்சம் அறிவு இருக்கிறது.

அதன்பின் நீங்கள் சொன்னபடியே நடந்தேன். முதலில் ஒரே ஒரு கூட்டை வைத்து, அதை மட்டும் எல்லா நிலைகளுக்கும் சுற்றவிட்டு, விழுந்த மருந்தை ஒவ்வொரு முறையும் தராசில் நிறுத்தேன். எல்லாம் சரியாக இருந்தது. பிறகு தட்டை நிரப்பித் தொடர்ந்து ஓட்டினேன். குண்டை வைக்கும் முன் ஒவ்வொரு கூட்டுக்குள்ளும் எட்டிப் பார்க்க வேண்டும் என்பது உங்கள் முதல் விதி. பார்த்தேன். ஒரு கூட்டில் பித்தளையின் அடி பளபளத்தது. உள்ளே ஒரு துகள் மருந்துகூட இல்லை.

கார்லா, இந்த இடத்தில் நீ தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு. மருந்தில்லாத தோட்டாவைச் சுட்டால் கேப்பு மட்டும் வெடிக்கும். அந்தச் சிறு உந்துதலில் குண்டு குழலுக்குள் பாதி வழி போய்ச் சிக்கிக்கொள்ளும். அதை அறியாமல் அடுத்த தோட்டாவைச் சுட்டால் குழல் வெடித்து, கையோ கண்ணோ போகும். ஏப்ரல் மாதப் போட்டியில் உன் தந்தைக்கு நேர்ந்தது இதன் முதல் பாதி. 'டொப்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். டுவைட் "நிறுத்து, நிறுத்து, விரலை எடு" என்று கத்தினான். ஆர்வில் துப்பாக்கியை மேசைமேல் வைத்தார். யாருடைய முகத்தையும் பார்க்கவில்லை. "எல்லாத்துக்குள்ளயும் பாத்துப் பாத்துதான் செஞ்சேன். பாத்ததா நெனச்சிட்டிருக்கேன் போல. எம் மண்ட போச்சு. இனிமே என்னை யாரும் நம்பாதீங்க" என்றார். அந்த வாரமே கார் சாவியை உன்னிடம் ஒப்படைத்தார். மருத்துவர் கேட்ட கேள்விகளுக்குப் பாதி மனதோடு பதில் சொன்னார். வரும் நவம்பர் முதல் தேதியன்று, நினைவாற்றல் இழந்தவர்களை உள்ளே வைத்துப் பூட்டுகிற இல்லத்தில் சேரக் கையெழுத்திடப் போகிறார்.

ஆர்வில், அந்த வெற்றுக் கூட்டைப் பார்த்ததும் என் மனதில் முதலில் தோன்றியது என்ன என்பதை உங்களிடம் மறைக்க வேண்டியதில்லை. எனக்கும் புத்தி போய்விட்டது என்றுதான் நினைத்தேன். நிலையைத் தவறவிட்டேனோ, கைப்பிடியை முழுவதும் இழுக்கவில்லையோ என்று. அப்படியே நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். தேநீர் ஆறிப்போனது. ஆனால் நான் இயல்பிலேயே பிறர்மேல் குற்றம் காண்பவள். என்னைச் சந்தேகிப்பதில் வெகுநேரம் நிலைத்திருக்க என்னால் இயலவில்லை. ஆகவே இயந்திரத்தைச் சந்தேகிக்கத் தொடங்கினேன்.

எல்லாவற்றையும் கொட்டிவிட்டு மறுபடி ஓட்டினேன். இம்முறை கூட்டைப் பார்க்கவில்லை, மருந்தை அளந்து தள்ளும் சட்டத்தைப் பார்த்தேன். ஒவ்வொரு இழுப்பிலும் அது முன்னே போய் மருந்தைக் கொட்டிவிட்டு, பின்னால் வந்து மறுபடி நிரம்ப வேண்டும் அல்லவா? வெகுநேரம் ஒழுங்காக வந்தது. பிறகு ஒரு முறை பாதி வழியில் நின்றது. அடுத்த கூட்டுக்கு ஒன்றும் விழவில்லை. அதற்கடுத்த இழுப்பின் அதிர்வில், எதுவும் நடக்காததுபோல் தன் இடத்துக்குப் போய்விட்டது. சட்டத்தைப் பின்னுக்கு இழுக்கும் கம்பியின் அடியில், கையால் திருகுகிற சிறகு வைத்த நட்டு ஒன்று இருக்கிறதே, அதுதான் காரணம். ஓட ஓடத் தளர்கிறது. இறுக்கினேன், மறுபடி தளர்ந்தது. கழற்றிப் பார்த்தால், அதைத் தளராமல் பிடித்துவைக்கும் உள் வளையம் வழவழவென்று தேய்ந்து கிடந்தது.

டுவைட்டை வரவழைத்து, அவன் கையாலேயே இழுக்கச் சொன்னேன். சட்டம் நின்றதை அவன் கண்ணாலேயே பார்த்தான். குனிந்து அந்த நட்டை விரலால் ஆட்டிப் பார்த்தான். பிறகு, "அட நாசமாப் போற நட்டே. பெருசுக்குக் கிறுக்குப் பிடிச்சிடுச்சுன்னு ஊரே பேசிச்சே, டீச்சரம்மா. நானும்தான் பேசினேன்" என்றான். நான் அவனுக்கு ஆறுதல் சொல்லவில்லை.

சிவப்பு மையில் 'சுடாதே, பிரித்துவிடு' என்று எழுதி நீங்கள் விட்டுச்சென்ற பெட்டியில், அந்தப் போட்டிக்கு நிரப்பியதில் மீந்திருந்த தோட்டாக்களையும் பிரித்தேன். ஒவ்வொன்றின் மருந்தையும் நிறுத்தேன். ஒன்றில் அளவு குறைவு, மற்றவை அனைத்தும் துல்லியம். புத்தி கலங்கியவரின் வேலை அப்படி இருக்காது. பள்ளியில் இத்தகைய அளவைகளைத் தந்த மாணவன் ஒருவனைக்கூட நான் பார்த்ததில்லை.

நீங்கள் உடனே கேட்பீர்கள்: அப்படியானால் அந்த ஒரு கூட்டை நான் ஏன் பார்க்கவில்லை? பார்க்கவில்லை, அவ்வளவுதான். ஆயிரக்கணக்கானவற்றில் ஒன்றைக் கண் தவறவிட்டது. எம்மெட் ஆண்டுதோறும் எங்கள் திருமண நாளைத் தவறவிட்டார். அவரை யாரும் எங்கேயும் பூட்டிவைக்கவில்லை. நீங்கள் ஒன்றையுமே மறப்பதில்லை என்று நான் வாதிடவில்லை. டுவைட்டின் மனைவி பெயரை நான் அறிந்த நாள் முதலாக நீங்கள் தப்பாகத்தான் சொல்லிவருகிறீர்கள். ஒரு காலம் வந்தால் அந்த இல்லத்துக்குப் போங்கள், நானும் வேறெங்காவது போவேன். ஆனால் ஒரு நட்டுக்காகப் போகாதீர்கள். புதிய நட்டு போட்டபின் இதுவரை ஒரு கூடுகூட வெறுமையாக வரவில்லை. பழையது இந்த உறைக்குள் இருக்கிறது. கார்லா அதை மருத்துவரிடம் காட்டட்டும். சோதனையை இன்னொரு முறை வைக்கச் சொல்லட்டும். இம்முறை முழு மனதோடு பதில் சொல்லுங்கள்.

கார்லா, உன்மேல் எனக்கு வருத்தமில்லை. உன் தந்தையே தன்னை நம்பாதே என்று சொன்னபோது நீ வேறு என்ன செய்திருப்பாய்? அவர் சொல்லைக் கேட்டாய். இனி என் சொல்லையும் கொஞ்சம் கேள்.

இங்கே மலைமேல் பனி விழுந்துவிட்டது. உங்கள் வீட்டுக் குழாய்களில் தண்ணீரை வடித்துவிட்டு, வீட்டைச் சூடாக்கும் உலையை மிதமாக எரியவிட்டிருக்கிறேன். நவம்பர் கடைசியில் நன்றி கூறும் நாளுக்கு வாருங்கள். வான்கோழி நான் சமைப்பதால் சுமாராகத்தான் இருக்கும். எம்மெட் இருந்தபோதும், போனபிறகும், ஒவ்வோராண்டும் அந்த நாளில் நீங்கள் ஒரு காபி டின் நிறையத் தோட்டாக்கள் கொண்டுவருவீர்கள். அடுத்தவர் நிரப்பியதை, நிரப்பியவர் உடன்பிறந்தவராகவே இருந்தாலும், சங்கத்தில் நம்மில் யாரும் சுடுவதில்லை. வாங்கிவைத்துக்கொண்டு, தந்தவர் கிளம்பியபின் பிரித்துவிடுவதுதான் முறை. நீங்களும் அதை அறிந்தே தந்தீர்கள். பித்தளைக் கூடுகள் பயன்பட்டனவா என்று கேட்பீர்கள். பிரித்தெடுத்தேன், பயன்பட்டன என்று நான் சொல்வேன்.

ஒன்றைக்கூடப் பிரித்ததில்லை, ஆர்வில். எல்லாவற்றையும் சுட்டேன். என்னருகிலேயே படுத்துறங்கிய எம்மெட், வானொலியில் பந்தாட்டம் கேட்டுக்கொண்டே நிரப்பிய தோட்டாவில் ஒன்றை ஒருநாளும் நான் என் துப்பாக்கியில் போட்டதில்லை. நீங்கள் தந்ததைப் போடும்போது ஒருமுறைகூட யோசித்ததில்லை.

டின் காலியாக இருக்கிறது. நலமாக இருங்கள், வாருங்கள்.

தங்கள்,
லெனோர் வாண்டிவர்