முப்பது வருடம் சொன்ன பதில்

ஜூலை 29, செவ்வாய்

எதிர்காலத்தில் இந்த டைரியைத் தோண்டியெடுக்கப்போகும் அறிஞர் பெருமக்களே, ஒருவரும் நம்பாத கதை ஒன்று இதில் வரும் என்று என் நாலு குழாய் ஸ்பீக்கர்கள் சாட்சியாகச் சத்தியம் செய்கிறேன். போன வருடமும் இதே நாளில் இதே சத்தியம்தான். ஜெனரேட்டருக்குள் ராஜநாகம் படமெடுத்து ஆடியதாகப் பக்கத்து ஊர் பரளச்சி வரைக்கும் சொல்லிவைத்தேன். அது அரணை.

இன்று அம்மனுக்குக் காப்புக் கட்டினார்கள். ஒலி, பாண்டீஸ்வரன் சவுண்ட் சர்வீஸ். அதாவது அடியேன். என் ஆம்ப்ளிஃபயரைப் போட்டால் இலங்கையில் ரேடியோ நின்றுபோகும்.

முளைப்பாரிக்கு விதை போட்டாயிற்று. வெளிச்சம் படாமல், பூட்டிய வீட்டில் எட்டு நாள் பயிர் வளரும். சாவி சாமியாடி கோட்டைச்சாமி அண்ணனிடம். தினம் மதியம் அவரோடு உள்ளே போய் மஞ்சள் தண்ணீர் தெளிக்க, வயதுக்கு வராத ஒரு பிள்ளையை வருடா வருடம் சாமியே கைகாட்டும். இந்த வருடம் என் பேத்தி சரஸ்வதி. பத்து வயது. எங்கள் வம்சத்துக்கு மகுடம் சூட்டிவிட்டாள். நாளை மதியம் முதல் தெளிப்பு.

ஜூலை 30, புதன்

தங்கச்சி மாயக்காள் மகள் ரேணுகாதேவி மதுரையிலிருந்து முதல் பஸ்ஸில் வந்து இறங்கினாள். அங்கே ஆஸ்பத்திரியில் நர்ஸ். திருவிழாப் பக்கமே பல வருடமாக எட்டிப்பார்க்காதவள். சரசு சேதியைப் போனில் கேட்டு ஓடி வந்திருக்கிறாள். பையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"சரசு எங்க மாமா? உள்ள போயிட்டாளா?"

"மதியந்தான போவா. ஏன் இப்படி மூச்சு வாங்குற?"

"போகமாட்டா."

பிறகு சொன்னாள். பதினாறு வருடத்துக்கு முன்னால், பதினோரு வயதில் அவள் தண்ணீர் தெளிக்கப் போனாள். அந்த எட்டு நாளும் பூட்டிய கதவுக்குள் கோட்டைச்சாமி அவளிடம் நடந்துகொண்டது— எழுத வரவில்லை. பேனா நிற்கிறது. வெளியே சொன்னால் ஆத்தா கண்ணைப் பிடுங்கிவிடும் என்றாராம். அம்மாவிடம் ஓடியிருக்கிறாள். "சாமி காரியம்டி, வாயை மூடு" என்றாளாம் மாயக்காள்.

"உங்ககிட்டயும் வந்தேன் மாமா. ஆம்ப்ளிஃபயர் பக்கத்துல நின்னு சொன்னேன். ஞாபகம் இருக்கா?"

"பாட்டு ஓடிக்கிட்டிருந்துச்சும்மா. கேக்கல."

என்னையே பார்த்தாள். 

ஜூலை 31, வியாழன்

சரசுக்குக் காய்ச்சல் என்று நேற்றே சொல்லிவிட்டோம்; நேற்றுத் தெளிப்பு நடக்கவில்லை. இன்று காலை கோட்டைச்சாமி வாசலுக்கே வந்து விபூதி கொடுத்தார். என் கை நீண்டு வாங்கிக்கொண்டது. இந்தக் கையை என்ன செய்வது?

"வேற பிள்ளையக் கூட்டிக்கிறேன் பாண்டி," என்று போனார்.

மதியம் ரேணுகா முளைப்பாரி வீட்டு வாசற்படியில் போய் உட்கார்ந்துவிட்டாள். வேண்டுதலாம், மிச்ச நாளெல்லாம் தானே தெளிப்பாளாம், பிள்ளைகள் வேண்டாமாம். அவர் முறைத்திருக்கிறார். அந்த நேரம் பருப்பு மில்லுக்குப் போகிற ஒச்சம்மாள், சாப்பாட்டுத் தூக்கோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள். "எனக்கும் வேண்டுதல் இருக்கு. சாவியக் குடுங்க," என்றாளாம். கொடுத்துவிட்டார்.

ஒச்சம்மாளுக்கு என்ன வேண்டுதல்? நாற்பது வயதுக்காரி, என்னைக் கண்டாலே கிண்டல் செய்கிறவள். சாயந்தரம் என் வீட்டைத் தாண்டிப் போகும்போது கேட்டாள்: "என்ன பாண்டி, உன் குழாய்க்குத் தொண்டை கட்டிருச்சா?"

ஆகஸ்ட் 2, சனி

ரேணுகா கேட்டது ஒன்றே ஒன்று. மைக்.

முளைப்பாரிச் சட்டிகளைத் தூக்குமுன் சாமி மூன்று தடவை கேட்கும்: என் மக்கா, குறை உண்டா? குறையில்லை தாயே என்று ஊர் மூன்று தடவை சொன்னால்தான் சட்டியைத் தூக்கலாம். குறை இருக்கிறது என்று ஒரு ஆள் சொன்னாலும், அது தீராமல் சட்டி தரையை விட்டுக் கிளம்பாது. அப்படி ஒருத்தரும் சொன்னதில்லை. சொல்ல வேண்டிய ஊரும் நாளடைவில் சோம்பிப்போய் அந்த வேலையை மைக் செட்டுக்காரனிடம் விட்டுவிட்டது. முப்பது வருடமாக ஊர் முழுமைக்கும் 'குறையில்லை' என்று சொல்லி வருபவன் இந்தச் சிம்மக்குரலோன்.

"இந்தத் தடவை பதில் நான் சொல்றேன் மாமா. மைக்கை மட்டும் என் கையில குடுங்க."

"ஊரை விட்டே தள்ளி வச்சிருவாங்கம்மா."

"என்னைத் தள்ளி வச்சுப் பதினாறு வருசமாச்சு."

ஆகஸ்ட் 4, திங்கள்

ஆம்ப்ளிஃபயரைத் துடைத்தேன். நாலு தடவை.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

வேகமாக எழுதுகிறேன். எழுத்து கோணினால் அறிஞர்கள் பொறுத்தருள்க.

மூன்று மணி. கோயில் முன்னால் மூன்று லட்சம் பேர். சரி, முந்நூறு. முளைப்பாரிச் சட்டிகள் வரிசையாக, முழங்கை உயரத்துக்கு வெளிறிய மஞ்சளாய் நின்றன. உருமி முழங்க, கோட்டைச்சாமிக்கு அருள் வந்தது.

"என் மக்கா, குறை உண்டா?"

"குறையில்லை தாயே."

நாலு குழாயிலும் என் குரல். வாய் முந்திக்கொண்டது. முப்பது வருடப் பழக்கம். கூட்டத்துக்குள் ரேணுகா முகத்தைப் பார்த்தேன்— என்னத்தச் சொல்ல. மண்ணுக்குள்ள போயிரலாம்னு இருந்துச்சு.

"குறை உண்டா?"

மைக்கை நீட்டினேன். அவள் வந்து வாங்கினாள். 

"இருக்கு தாயே."

உருமி நின்றது.

"உன்கிட்ட எனக்குக் குறை இல்ல. உன்னைச் சுமக்குற ஆள்கிட்ட இருக்கு. பதினோரு வயசுல, அந்த வீட்டுக்குள்ள கதவைப் பூட்டிக்கிட்டு என்னை என்ன செஞ்சாருன்னு கேளு. நீ அவர் மேலதான் இருக்கேன்னு சொல்றாக. அப்ப உனக்குத் தெரியாம இருக்குமா?"

"ஏலே பாண்டி, செட்டை அமத்துலே," என்று ஊர்த்தலைவர் அம்பலம் கத்தினார்.

வால்யூம் திருகில் என் கை இருந்தது. இடப்பக்கம் திருப்பினால் சத்தம் செத்துவிடும். வலப்பக்கம் திருப்பினேன். அது போகிற வரைக்கும்.

மூன்றாவது கேள்வியைச் சாமி கேட்கவே இல்லை. கோட்டைச்சாமியின் ஆட்டம் நின்றுபோயிருந்தது. மாலையும் வியர்வையுமாக ஒரு மனிதன் நின்றான், அவ்வளவுதான். முந்நூறு பேர் மூச்சு விடுவது குழாயில் கேட்டது.

ஒச்சம்மாள் நடந்து வந்தாள். தூக்குச்சட்டியைக் கீழே வைத்தாள். மைக்கை வாங்கி, "எனக்கும் இருக்கு தாயே. எனக்கு அப்ப ஒம்பது வயசு," என்றாள்.

பிறகு இன்னொருத்தி. பிறகு, இடுப்பில் பிள்ளையோடு ஒருத்தி. ஆறு பேர். ஆறு என்றால் ஆறுதான், கூட்டிச் சொல்லவில்லை. சட்டியைத் தூக்க ஒருத்தியும் குனியவில்லை.

முப்பது வருடமாக 'இதோ அம்மன் வருகிறாள்' என்று மைக்கில் அறிவித்தவன் நான். இன்றுதான் பார்த்தேன்.

ஆகஸ்ட் 7, வியாழன்

அருப்புக்கோட்டை மகளிர் ஸ்டேஷனில் ஆறு பேரும் புகார் கொடுத்தார்கள். கோட்டைச்சாமியைக் கூட்டிப்போய்விட்டார்கள். இனி இந்த ஊரில் எந்த விசேஷத்துக்கும் என் செட் கிடையாது என்று அம்பலம் சொல்லி அனுப்பியிருக்கிறார்.

எனக்கு ஆம்ப்ளிஃபயர் பழுது பார்க்கும் சுல்தான், வீரசோழன் ஊரிலிருந்து போன் செய்தான். நான் வழக்கம்போல ஆரம்பித்தேன்: "குழாய்ச் சத்தம் உங்க ஊரு வரைக்கும் கேட்டிருக்குமே?"

"சத்தம் வரலலே. சேதி வந்துச்சு. எங்க வீட்டுப் பொம்பளைக நேத்துலருந்து அதைத்தான் பேசுறாக. மெதுவாப் பேசுறாக."

ஆகஸ்ட் 12, செவ்வாய்

சாமியாடி இல்லாமல், மேளம் இல்லாமல், கோயில் முன்னால் அப்படியே நின்ற சட்டிகளை அந்தப் பெண்களே தூக்கிக்கொண்டு போய்க் கண்மாயில் கரைத்தார்கள். கண்மாயில் முழங்கால் தண்ணீர்தான். ஊரில் பாதிப் பேர் கதவைச் சாத்திக்கொண்டார்கள்.

மாயக்காளும் ஒரு சட்டி கேட்டாள். ரேணுகா அம்மாவை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு தன் சட்டியையே தூக்கி அம்மா தலையில் வைத்தாள்.

திரும்பி வரும்போது முளைப்பாரி வீட்டுக் கதவைக் கழற்றிப் போட்டுவிட்டார்கள். "வெளிச்சம் பட்டா அடுத்த வருசம் பயிரு பச்சையாப் போயிருமே," என்றேன். "போகட்டும்," என்றாள் ஒச்சம்மாள்.

செப்டம்பர் 14, ஞாயிறு

நேற்று என் வாக்குமூலம். எஸ்.ஐ. அம்மா கேட்டார்: "கூட்டத்துல எத்தனை பேர் இருந்தாங்க?"

"மூணு ல—. முந்நூறு."

கூட்டாமல் குறைக்காமல் ஒன்றரை மணி நேரம் பேசினேன். உயிரோடு திரும்பியது அதிசயம். கடைசியில் அந்த அம்மா, "பதினாறு வருசம் முன்னாடி உங்ககிட்ட ஏதாவது சொன்னாங்களா?" என்று கேட்டார். ரேணுகா ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தாள். பதில் சொன்னேன். எழுதிக்கொண்டார். கையெழுத்துப் போட்டு நிமிர்ந்தபோது ஜன்னலோரம் யாரும் இல்லை.

பஸ் ஸ்டாண்டில் இருந்தாள். எனக்கும் சேர்த்து டீ சொல்லியிருந்தாள்.  நான் குடித்து முடிக்கிற வரைக்கும் நின்றாள். மதுரை பஸ் வந்ததும் ஏறிவிட்டாள்.

அறிஞர் பெருமக்களே, என் ஆம்ப்ளிஃபயரால் இலங்கையில் ரேடியோ நிற்காது. எனக்கு இருப்பதும் சிம்மக்குரல் இல்லை. பாட்டுச் சத்தத்தில் கேட்கவில்லை என்று ரேணுகாவிடம் சொன்னது, நான் அளந்ததிலேயே பெரிய அளப்பு. ஆனால் பதினாறு வருடத்துக்கு முன்னால் அன்றைக்கு அங்கே பாட்டு ஓடிக்கொண்டிருந்தது என்ற அந்தச் சின்னப் பகுதி மட்டும் நிஜம். அவள் சொல்லி முடித்த பிறகு அதைப் போட்டது நான்.