பேஸில் கோளாறு எதுவும் கிடையாது

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். சாப்பாடு, தூக்கம், மருந்து என்று பார்த்தால் இங்கே நாங்கள் இருவரும் நன்றாகத்தான் இருக்கிறோம். நீயும் அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்கி, நன்றாக இருக்க வேண்டும் என்பதுதான் என் நினைப்பெல்லாம். இருமல் விட்டதா? போனில் விட்டுவிட்டது என்கிறாய், சொல்லி முடிப்பதற்குள் இருமுகிறாய்.

ஞாயிற்றுக்கிழமை அப்பா உன்னிடம், பேண்டில் வாசிக்க வாங்கிய அந்த ஆளுயர டபுள் பேஸ் சரியாகிவிட்டது, தந்தியெல்லாம் அமைந்துவிட்டது, சத்தம் பிரமாதம் என்று சொன்னபோது நீ போட்ட சந்தோஷக் கூச்சல் நான் துணி மடித்துக்கொண்டிருந்த அறை வரைக்கும் கேட்டது. அப்பா சொன்னது பொய் இல்லை பாப்பா. நீ புரிந்துகொண்டதுதான் வேறு. அன்றைக்கே போனைப் பிடுங்கிச் சொல்லியிருக்கலாம், ஆனால் இந்த வீட்டில் எந்த மூலையில் நின்று பேசினாலும் அவர் காதில் விழும். அதனால் கண்ணாடிக் கடையில் மதியம் ஆள் வராத நேரம் பார்த்து, கண் பரிசோதிக்கிற அறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். விளக்கைக்கூடப் போடவில்லை, எதிர்ச் சுவரில் எரிகிற எழுத்துப் பலகையின் வெளிச்சமே போதுமாக இருக்கிறது.

அப்பா லிஃப்ட் பழுதுபார்க்கப் போன இடத்தில் ஏணியிலிருந்து விழுந்து கழுத்து நரம்பு நசுங்கியபோது நீ வந்து இருந்துவிட்டுப் போனாய். நீ கிளம்பும்போது அவர் கையைத் தூக்கி டாட்டா காட்டினார். அதைப் பார்த்துவிட்டுப் போனவள் நீ, அதனால் கை மெதுவாகத் திரும்பிக்கொண்டிருக்கிறது என்றே நினைத்துக்கொண்டிருக்கிறாய். தோள் திரும்பிவிட்டது, முழங்கை திரும்பிவிட்டது. வலது கையின் விரல்கள் திரும்பவில்லை. டம்ளரைப் பிடிக்கிறார், ஆனால் பிடித்திருக்கிறோமா என்று கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறார். வந்தவரைக்கும் வந்தது, இனி வருவது கஷ்டம் என்று டாக்டர் எங்கள் இருவரையும் உட்காரவைத்துத்தான் சொன்னார். அப்பா தலையை நன்றாக ஆட்டிக் கேட்டுக்கொண்டார். வெளியே வந்து செருப்பைப் போட்டுக்கொண்டே, அந்தப் பழைய பேஸ் ரொம்ப முரடு, அதை வெச்சுக்கிட்டு ஒண்ணும் பண்ண முடியாது, வேற பார்க்கணும் என்றார். குறை பேஸில் இல்லை என்று எனக்கு அப்போதே தெரியும். ஆனால் ஒரு மனுஷன் இடிந்து உட்காராமல் எதையோ பார்க்கணும் என்கிறாரே, பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

அப்புறம் பேஸ் தேடி அலைந்த கதைதான் உனக்குத் தெரியுமே, நீதான் போனிலேயே கூட வந்தாய். உனக்குச் சொல்லாதது ஒன்று உண்டு. ஆர்கெஸ்ட்ராவில் வாசித்து ஓய்வு பெற்ற ஒருவர் வீட்டில் ஒன்று பார்த்தோம், முழு மரத்தில் குடைந்து செய்தது, பாலிஷ் தேன் மாதிரி இருந்தது. அவர் வில்லை எடுத்து ஒரே ஒரு சுரம் இழுத்தார், தரை அதிர்ந்தது. எந்த மாதிரி இசைக்கு என்று கேட்டார். அப்பா, ராக்கபில்லி சார், அந்தக் கால ராக் அண்ட் ரோல், தந்தியைப் பிடிச்சு இழுத்து விட்டு அறையணும் என்று சொல்லி வாயை மூடவில்லை, அவர் பேஸைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார் பார், பிள்ளை பிடிக்கிறவனைப் பார்த்த தாய் மாதிரி. படியிறங்கும்போது இருவரும் சிரித்தோம். விழுந்ததற்குப் பிறகு அவர் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன். அதற்காகவே இன்னும் பத்து வீடு ஏறி இறங்கலாம் என்று தோன்றியது. கடைசியில் மூடப்போகிற கடை ஒன்றில் அந்தக் கறுப்பு பேஸ் கிடைத்தது. பிளைவுட்தான், நமக்கு அதுதான் நல்லது, அடி தாங்கும், ஸ்பீக்கர் பக்கத்தில் நின்றாலும் அவ்வளவாக ஊளையிடாது என்று அப்பா பின்பக்கத்தை முட்டியால் தட்டித் தட்டிப் பார்த்தார், கழுத்து சேருகிற இடத்தில் விரிசல் இருக்கிறதா என்று என்னை டார்ச் அடிக்கச் சொன்னார். தட்டியதெல்லாம் இடது கையால். நான் டார்ச்சை அடித்துக்கொண்டு அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் ஆரம்பித்தது. எஃகுத் தந்தி கடினம் என்று நீ சொன்ன நைலான் தந்தி வந்தது. அதுவும் இழுக்க வரவில்லை, தந்திகளைத் தாங்குகிற பாலம் உயரம் என்றார். பாலத்தின் கால்களில் இருக்கிற திருகைத் திருகித் தந்தியை இறக்கினார். இறக்க இறக்க விரல் உள்ளே போகிற இடைவெளி குறைந்தது, தந்தி பலகையில் உரசிக் கரகரவென்றது. டக் என்று கேட்க வேண்டிய இடத்தில், யாரோ தொண்டையைச் செருமுகிற மாதிரி ஒரு சத்தம். சரி, மைக்கில் பிடித்துக்கொள்ளலாம் என்று பாலத்தடியில் பிக்கப் என்கிற குட்டி மைக் ஒன்று, விரல்பலகையில் இன்னொன்று வைத்து, இரண்டாவதின் சத்தத்தை ஏற்றினார். லேசாகத் தொட்டாலே டக் என்று வர வேண்டும் என்பது கணக்கு. அது ஊளையிட்டதில் கீழ்வீட்டுக்காரர் மேலே வந்து, சார் வீட்ல நாய் வளர்க்கிறீங்களா என்று கேட்டார். என் பழைய ஸ்வெட்டரைப் பாலத்துக்குக் கீழே திணித்தோம். ஊளை நின்றது. கூடவே சத்தமும் நின்றது. வயலின் பழுதுபார்க்கிற அம்மா, உனக்குத் தெரியுமே, வெடுக்கென்று பேசுவாரே அவர், வந்து பார்த்துவிட்டு இதுக்கு மேல இறக்கினா பேஸ் வேண்டாம், துணி துவைக்கிற பலகையே போதும் என்றார். அப்பா அவரிடம் வாதாடவில்லை. அவர் போன பிறகு என்னிடம், அவங்களுக்கு வயலின்தான் தெரியும் என்றார்.

ஒவ்வொரு முறையும் அவர் உனக்குப் போன் செய்வார். நீ ஒரு புதுத் தந்தி சொல்வாய், ஒரு புது உயரம் சொல்வாய். உன்னைக் குறை சொல்லவில்லை கண்ணு, அவ்வளவு தூரத்தில் இருந்துகொண்டு அப்பாவுக்கு வேறென்ன செய்வாய். ஆனால் நீ சொன்ன ஒவ்வொன்றும் வந்து சேரும் வரைக்கும் அவர் நன்றாகச் சாப்பிட்டார். வந்து சேர்ந்து மாட்டிப் பார்த்த அன்று சாப்பிடவில்லை. பேண்டில் அப்பாவோடு வாசிக்கிற சித்தப்பாவும் சீப்பு மாமாவும் இதற்கிடையில் என்னைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார்கள். உன் சித்தப்பா டிரம் குச்சியைக் கையில் உருட்டிக்கொண்டே, அண்ணி, அண்ணன் மேடையில வந்து நிக்கிறேங்கிறாரு, நாங்க எப்படிச் சொல்றது, நீங்க சொன்னா கேட்பாரு என்றார். சீப்பு மாமா வழக்கம்போல் முன்மயிரைச் சுருட்டி மேலே ஏற்றிவிட்டு, ஆமாங்க, எங்களுக்கு மனசு வரல என்றார். எல்லோருக்கும் மனசு வரவில்லை, எனக்கு மட்டும் எங்கிருந்தோ வர வேண்டும்! நான் இந்த நாற்காலியில் நாள் முழுக்க என்ன செய்கிறேன்? கண்ணாடியை மாற்றி மாற்றிப் போட்டு, இது தெளிவா, அது தெளிவா என்று கேட்கிறேன். கண்ணுக்குள்ளேயே நரம்பு போய்விட்டவர்கள் இன்னொரு கண்ணாடி போடுங்க, இன்னொண்ணு போடுங்க என்பார்கள். கடைசியில் நான்தான் குறை கண்ணாடியில் இல்லைங்க என்று சொல்கிறேன். முன்பின் தெரியாதவர்களிடம் பக்குவமாகச் சொல்லிவிடுகிறேன். வீட்டுக்குப் போனால் அந்த வாய் திறக்க மாட்டேன் என்கிறது.

போன மாதம் நீ கடைசியாகச் சொன்ன அந்த மெல்லிய தந்தி வந்தது. ஒரு தந்தியைக் கழற்றினால் புதியதை மாட்டிவிட்டுத்தான் அடுத்ததைக் கழற்ற வேண்டும் என்று உனக்கு எத்தனை தடவை சொல்லியிருப்பார்? அந்த மனுஷர் அவசரத்தில் நாலையும் ஒன்றாகக் கழற்றிவிட்டார். பாலம் சரிந்தது. உள்ளே அழுத்தத்தில் மட்டுமே நிற்குமே அந்தச் சின்னக் கட்டை, அதுவும் விழுந்து உருண்டது. நான் ஓடி வந்தபோது பேஸைத் தரையில் படுக்கவைத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். எனக்குத் தெரியாதா, எனக்கே தெரியாதா என்று திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தார். அந்த அம்மாவை மறுபடி வரவழைத்தேன். வளைந்த கம்பியை ஓட்டை வழியாக விட்டுக் கட்டையை நிறுத்தி, பாலத்தை நேராக்கி, தந்தியை அப்பா கேட்ட உயரத்துக்கும் சரியான உயரத்துக்கும் நடுவில் வைத்து, எல்லாவற்றையும் ஒரு தடவை தட்டிப் பார்த்தார். பேஸில் கோளாறு எதுவும் கிடையாது என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அப்பா அதை நிமிர்த்தித் தோளில் சாய்த்துக்கொண்டு இழுத்தார். விரல் தந்திக்கு அடியில் போனது, மடங்கவில்லை, வழுக்கி வெளியே வந்தது. மறுபடி இழுத்தார். என்னைப் பார்த்து, கட்டை சரியா நிக்கல, நீ இழுத்துப் பாரு என்றார்.

பாப்பா, இத்தனை வருஷத்தில் அவர் என்னிடம் அதை வாசிக்கச் சொன்னதே இல்லை. ஆனால் கூடத்தில் உட்கார்ந்து பார்த்துப் பார்த்து எனக்கு எல்லாம் தெரியும். விரலை எங்கே கொக்கியாக்க வேண்டும், எப்போது விட வேண்டும், உள்ளங்கை எப்படி விழ வேண்டும், எல்லாம். நான் நினைத்திருந்தால் தப்பாக இழுத்திருக்கலாம். எனக்கும் வரலையே, கட்டைதான் போல என்று சொல்லியிருக்கலாம், அந்த அம்மாவை இன்னொரு தடவை கூப்பிட்டிருக்கலாம், நீ இன்னொரு தந்தி சொல்லியிருப்பாய். இதெல்லாம் எனக்கு அந்த நேரத்தில் தோன்றாமல் இல்லை. ஆனாலும் ஒழுங்காக இழுத்து விட்டேன். டக் என்று விழுந்தது, அறைந்தேன், மேசையிலிருந்த ஸ்பூன் அதிர்ந்தது. அவ்வளவு நல்ல சத்தம். அப்பா என் கையைப் பார்த்தார், பிறகு தன் கையைப் பார்த்தார். நல்லா இருக்கு என்றார். கோபமே இல்லை. எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்து, செய்தி கேட்க உட்கார்ந்துவிட்டார்.

அதற்குப் பிறகு பல நாள் அந்தப் பக்கமே போகவில்லை. போன வாரம் வேலை முடிந்து வந்து கதவைத் திறந்தால், பாலத்துக்கு முன்னால் மண்டியிட்டு, திருகை இடது கையால் திருகிக்கொண்டிருக்கிறார். ஐயோ, மறுபடி இறக்குகிறாரே என்று நினைத்தேன். கிட்டப் போய்ப் பார்த்தேன். ஏற்றிக்கொண்டிருந்தார். அவர் வாசித்த காலத்தில் இருந்த உயரத்துக்கு, நல்ல கை ஒன்று முழுவிரல் போட்டு இழுக்கிற உயரத்துக்கு, இரண்டு பக்கமும் ஒரே அளவாக, நிதானமாக. என் ஸ்வெட்டரை எடுத்து மடித்து நாற்காலியில் வைத்திருந்தார். அந்த மெல்லிய தந்திகளை ஒவ்வொன்றாக, ஒழுங்காக மாற்றிப் பழைய எஃகுத் தந்திகளைப் போட்டிருந்தார். இந்த ஒரு வருஷத்தில் அந்த பேஸுக்கு அவர் செய்ததிலேயே சரியான வேலை அதுதான். இனி அவர் கையால் அந்தத் தந்தியை அசைக்கக்கூட முடியாது. முடித்துவிட்டு உன் சித்தப்பாவுக்குப் போன் போட்டார். பேஸ் தயாரா இருக்குடா, வாசிக்கத்தான் ஆள் வேணும், நல்ல ஆளாப் பாரு என்றார். சித்தப்பா அந்தப் பக்கம் என்ன சொன்னாரோ, அட, அழாதடா, தாளம் தப்பிடும் என்று இவர் சிரித்தார். மறுநாள்தான் நீ போன் செய்தாய். உன்னிடமும் அதையேதான் சொன்னார், பின்பாதியை மட்டும் விட்டுவிட்டார்.

இதைத்தான் நான் வேண்டினேன் பாப்பா, அவர் புரிந்துகொள்ள வேண்டும் என்று. புரிந்துகொண்டுவிட்டார். இப்போது வீட்டில் தந்தியைத் திட்டுகிற குரல் இல்லை, பாலத்தைத் திட்டுகிற குரல் இல்லை. சாப்பிடக் கூப்பிட்டால் வருகிறார், போட்டதைச் சாப்பிடுகிறார், நன்றாக இருக்கிறது என்கிறார். அவர் இன்னொரு தந்தி வேண்டும் என்று கேட்டால் நானே ஓடிப்போய் வாங்கி வந்துவிடுவேன் போலிருக்கிறது. நான் சரியாகத்தான் செய்தேன் என்று பகலில் தோன்றுகிறது. அவர் பக்கத்தில் உட்கார்ந்தால் தோன்றவில்லை. உனக்கு ஆறுதலாக ஏதாவது எழுதலாம் என்று பேனாவை வைத்துவிட்டு யோசித்தேன், ஒன்றும் கிடைக்கவில்லை. இருக்கிறபடி இருக்கிறோம்.

நீ ஒன்று செய். இனி தந்தியைப் பற்றிக் கேட்காதே. அவராகப் பேசினால் கேட்டுக்கொள், புதிதாக எதுவும் சொல்லாதே. நான் எழுதினேன் என்று காட்டிக்கொள்ளாதே. பதறி வேலையை விட்டுவிட்டு ஓடி வராதே, அது அவருக்கு இன்னொரு அடி. உன் அறைக் குழாய் ஒழுகுகிறது, மேலாளர் சிடுசிடுக்கிறார், இப்படி ஏதாவது சொல்லி என்ன செய்யலாம் என்று அவரிடம் கேள். குழாய்க்கு அவரிடம் பதில் இருக்கும். இருமலுக்கு வெந்நீர் குடி, ஈரத் தலையோடு வெளியே போகாதே. எங்கே இருந்தாலும் நல்லபடியாக இரு, உன் கை கால்களுக்கு ஒரு குறையும் வராமல் இருக்கட்டும், அம்மாவின் ஆசி எப்போதும் உண்டு.

சனிக்கிழமை மட்டும் போன் செய்யாதே, மறுநாள் செய். அன்று ஒரு பெண் வாசித்துப் பார்க்க வருகிறாளாம், உன் வயதுதான் இருக்கும், நன்றாக அறைவாள் என்று சீப்பு மாமா சொன்னார். அப்பா கூடத்தில் மேசையை நகர்த்தி இடம் பண்ணிவிட்டார். அன்றைக்கு நீ வேலைக்குப் போகாதே என்று என்னிடம் சொன்னார். லீவு சொல்லிவிட்டேன்.

அன்புடன்,
அம்மா