திரையின் மூலையில் உன் கைகள்

மாப்ள,

இன்று காலை ஸ்டுடியோ மாடியை ஒழித்துக்கொண்டிருந்தோம். பழைய சாமான் வாங்குகிறவர் அந்தக் கனத்த மானிட்டரைத் தூக்கி வாசல்வரை கொண்டுபோய்விட்டார். வெயில் பட்டபோதுதான் அதன் கண்ணாடியில், கீழ் மூலையில், வெள்ளை டேப் ஒட்டியிருப்பது தெரிந்தது. ஓரமெல்லாம் பழுப்பேறி, தூசி படிந்து, ஒரு சின்னச் சதுரம். உன் கைகள் அதைத் தாண்டி வெளியே போய்விடக் கூடாது என்று நீ ஒட்டி வைத்தது. "என்னண்ணே, குடுக்கிறீங்களா, இல்லையா?" என்று அவர் கேட்கும்வரை அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். கொடுத்துவிட்டேன். நீ இருந்திருந்தால் எப்போதோ கொடுத்திருப்பாய். சாமான்களின் மேல் உனக்கு என்றைக்கும் ஒட்டுதல் கிடையாது.

மிஷன் பள்ளியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள் நாம். எங்கள் வீட்டில் சௌராஷ்டிரம், தெருவுக்கு வந்தால் தமிழ். உங்கள் வீட்டில் தமிழும் கையும். உன் தங்கை எஸ்தருக்குப் பிறவியிலேயே காது கேட்காது. அவளும் நீயும் கைகளால் சண்டை போட்டுக்கொள்ளும் வேகத்தைப் பார்த்து முதல்நாள் எனக்குத் தலை சுற்றியது. "ஒண்ணுமே புரியலையேடா" என்றேன். "உங்க வீட்ல நீங்க பேசுறது மட்டும் எனக்குப் புரியுதாக்கும். பேசாம பாத்துக்கிட்டே இரு, வந்துரும்" என்றாய். நானும் பார்த்துக்கொண்டே இருந்தேன். கொஞ்சம் வந்தது.

உன் அப்பாவுக்குத்தான் வரவே இல்லை. நம் பள்ளி அலுவலகத்தில் கிளார்க்காக இருந்தவர், அதிகம் பேசாதவர். மகளிடம் ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் உதட்டைப் பெரிதாக அசைப்பார், இல்லாவிட்டால் துண்டுக் காகிதத்தில் எழுதுவார். சாப்பிட்டாயா, எப்போது வருவாய், பத்திரமாகப் போ. காகிதத்தில் அதற்கு மேல் எதுவும் இருக்காது.

தொண்ணூறுகளின் கடைசியில் நாம் சேர்ந்து கல்யாண வீடியோ எடுக்கத் தொடங்கி, மகால் பக்கத்தில் மாடி பிடித்து, ஓரளவு பெயரும் எடுத்த பிறகுதான் எஸ்தருக்கு வரன் அமைந்தது. மாப்பிள்ளை திண்டுக்கல்லில் அச்சகத்தில் வேலை பார்த்தார். அவருக்கும் காது கேட்காது. நிச்சயம் முடிந்து மறுநாள் நீ கேமராப் பையைக்கூடக் கீழே வைக்காமல் சொன்னாய்.

"மாப்ள, கல்யாணத்துக்கு வாரவங்கள்ல பாதிப் பேருக்குக் காது கேக்காது. மேடையில பேசுறது அம்புட்டும் அவங்களுக்கு வெறும் வாயசைப்பு. சும்மா உக்காந்துட்டு, சாப்பிட்டுட்டுப் போயிருவாங்க. எல்லாக் கல்யாணத்துலயும் அப்படித்தான். இதுல அப்படி வேணாம்."

உன் யோசனை எளிமையானது. ஒரு கேமரா மேடையைப் பார்க்கும். இன்னொன்று மேடையோரம் நிற்கும் உன்னைப் பார்க்கும். பேசுகிறவர் பேசப் பேச நீ கையால் சொல்வாய். மண்டபத்துப் பெரிய திரையில் பேசுகிறவர் முகமும், மூலையில் ஒரு சதுரத்துக்குள் உன் கைகளும் சேர்ந்து வரும். கடைசி வரிசையில் இருப்பவருக்கும் விரல் தெரியும். மணமக்கள் பார்க்க மேடையை நோக்கி ஒரு டிவி.

இரண்டு கேமராக் காட்சிகளையும் அந்தக் கணமே கலந்து திரைக்கு அனுப்புகிற பெட்டி சென்னையில் வாடகைக்குக் கிடைத்தது. அந்த வாடகை நமக்குக் கட்டுப்படியாகாது. நம்மிடம் இருந்தது நாமே பாகங்களைச் சேர்த்துப் பூட்டிய கம்ப்யூட்டர் ஒன்று. அதில் அந்த வேலையைச் செய்யும் சாப்ட்வேர் ஏதாவது நம் கைக்கு எட்டும் விலையில் வேண்டும். ஊரில் எல்லோரும் செய்வதுபோல நாமும் முதலில் பூட்டு உடைத்த திருட்டு சிடி ஒன்றை வாங்கிவந்து, ஒரு பள்ளி ஆண்டு விழாவில் ஓட்டிப் பார்த்தோம். சிறப்பு விருந்தினர் பேசிக்கொண்டிருந்தபோது பெரிய திரையில் அவர் மூக்குக்குக் குறுக்கே, 'இந்தப் பிரதி பதிவு செய்யப்படவில்லை' என்று ஆங்கிலத்தில் ஒரு கட்டம் வந்து நின்றது. அதை மூடத் தெரியாமல் நான் திரைக்கே துணியைப் போட்டு மூடினேன். வழியெல்லாம் சிரித்துக்கொண்டே வந்த நீ, வண்டியை நிறுத்தியதும் சிரிப்பை விட்டுவிட்டாய்.

"எஸ்தர் கல்யாணத்துல இந்தக் கட்டம் வந்துச்சுன்னா என் கைமேலதான் வரும். என் வாயைப் பொத்துன மாதிரி. காசு குடுத்தே வாங்குவோம். ஆனா நம்மால முடிஞ்சதா பாத்து வாங்குவோம்."

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் நம் மாடியில் நடந்ததை இப்போது நினைத்தாலும் எனக்குச் சிரிப்பு வருகிறது. வாங்குமுன் இலவசமாகச் சோதித்துப் பார்க்கக் கிடைக்கும் சாப்ட்வேர்களை ஒவ்வொன்றாக இறக்குவாய். நான் ஒரு கேமரா முன்னால் நின்று எதையாவது பேச வேண்டும், நீ இன்னொரு கேமரா முன்னால் நின்று அதைக் கையால் சொல்ல வேண்டும். எஸ்தர் நமக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து திரையை மட்டும் பார்ப்பாள். அவள்தான் நீதிபதி.

முதல் சாப்ட்வேரில் படங்கள் பறந்தன, புரண்டன, இதய வடிவத்தில் விரிந்தன. எனக்கு ரொம்பப் பிடித்தது. எஸ்தர் திரும்பி ஏதோ சொன்னாள். நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாய்.

"என்னடா சொல்லுது?"

"ஒருத்தரு பேசுறாராம். பக்கத்துல ஒருத்தன் அவரு நேத்துப் பேசுனதைக் கையில சொல்லிக்கிட்டு இருக்கானாம்."

அப்போதுதான் எனக்கு விஷயம் புரிந்தது. உன் கைகளை எடுத்த புதுக் கேமராவின் படம் கம்ப்யூட்டருக்குள் போய் வெளியே வர ஒரு நொடிக்கும் குறைவாகத்தான் பிந்தியது. என்னை எடுத்த பழைய கேமராவின் படம் வேறு வீடியோ கார்டு வழியாக வந்ததால் பிந்தாமல் வந்தது. காது கேட்கிறவர்களுக்கு அது கண்ணிலேயே படாது. எஸ்தரோ உதட்டையும் கையையும் சேர்த்துப் படிக்கிறவள். இரண்டும் விலகினால் அவளுக்கு இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசுவதுபோல. இன்னொரு சாப்ட்வேர் எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்தது. அதன் விலையைப் பார்த்து நீ கம்ப்யூட்டரையே அணைத்துவிட்டாய். கடைசியாகக் கிடைத்தது பார்க்கச் சாம்பல் நிறத்தில் அசடு மாதிரி இருந்தது. எங்கோ வெளிநாட்டில் ஒற்றை ஆள் எழுதி விற்றது. படம் பறக்காது, புரளாது. ஆனால் திணறாமல் ஓடியது. விலையும் நம்மால் நினைத்துப் பார்க்கக்கூடியது. அதிலும் உதடும் கையும் சேரவில்லை என்பதுதான் குறை.

நீ சோர்ந்துபோனாய். எஸ்தர் சோரவில்லை. டிடிபி சென்டரில் வேலை பார்த்த அவளுக்கு நம் இருவரையும்விட ஆங்கிலம் நன்றாக வரும். அந்த ஆளுக்கு அவளே மெயில் எழுதினாள். எனக்குக் காது கேட்காது, எனக்குக் கல்யாணம், ஒரு கேமராவின் படத்தை மட்டும் கொஞ்சம் நிறுத்திவைத்து அனுப்ப வழி உண்டா என்று. சில வாரம் கழித்துப் பதில் வந்தது. அதுவரை அப்படி யாரும் கேட்டதில்லையாம், செய்து சேர்த்திருக்கிறேன், சோதித்துப் பார்த்துச் சொல்லுங்கள் என்று. சோதித்தோம். எஸ்தர் வெகுநேரம் திரையையே பார்த்தாள். பிறகு திரும்பாமலே கட்டை விரலை மட்டும் உயர்த்திக் காட்டினாள். வெளிநாட்டுக்குப் பணம் கட்ட நம்மிடம் கிரெடிட் கார்டு கிடையாது. துபாயில் இருந்த உன் சித்தப்பா மகன் பணம் கட்டி வாங்கிக் கொடுத்தான்.

பிறகுதான் எனக்கு உறைத்தது. நீ கேமராவுக்கு முன்னால் நின்றால் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரப் போவது யார்? நான் கேமராவைத் தோளில் தூக்கி வளர்ந்தவன். கீபோர்டைப் பார்த்தாலே விரல் விறைத்துவிடும்.

"மாப்ள, இந்தச் சாப்ட்வேருல மூணே பட்டன்தான். ஒண்ணு மேடை, ரெண்டு கை, மூணு ரெண்டும். ஒண்ணுலருந்து மூணு வரைக்கும் உனக்கு எண்ணத் தெரியும்ல?" என்றாய். மூன்றைத் தாண்டிக் கை போகவே கூடாது என்று என் மற்ற விரல்களை மடக்கிப் பிடித்துப் பழக்கினாய்.

காலையில் தேவாலயத்தில் கல்யாணம். மதியம் அழகர்கோவில் சாலை மண்டபத்தில் வரவேற்பு. நீ கறுப்புச் சட்டை போட்டு மேடையோரம் நின்றாய், கை தெளிவாகத் தெரிய வேண்டும் என்று. நான் மூன்றாம் பட்டனில் விரலை வைத்துக்கொண்டு வியர்த்துக்கொண்டிருந்தேன். முதலில் பேசிய உங்கள் பெரியப்பா, "எங்க குடும்பத்துலயே வாயாடி யாருன்னா எஸ்தர்தான்" என்றார். மண்டபம் சிரித்தது. இடப்பக்கம் உட்கார்ந்திருந்த எஸ்தரின் தோழிகளும் அதே கணத்தில் சிரித்தார்கள். காது கேட்டவர்கள் திரும்பி அவர்களைப் பார்த்தார்கள். அவர்களும் திரும்பிப் பார்த்தார்கள். அதுவரை அந்த இரண்டு கூட்டமும் ஒன்றாகச் சிரித்து நான் பார்த்ததே இல்லை.

பிறகு உன் அப்பா எழுந்தார். அவர் பேசுவதாகவே இல்லை. யாரோ மைக்கைக் கையில் திணித்துவிட்டார்கள். திரை அவருக்குப் பின்னால் இருந்தது, ஓரத்தில் நின்ற நீயும் அவர் கண்ணில் படவில்லை. டிவி எதற்கு என்று அவருக்குச் சரியாகத் தெரியாது. நாமும் சொல்லியிருக்கவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு, வந்தவர்களுக்கு நன்றி சொன்னார்.

"எம் பொண்ணுக்குக் கேக்காதுங்கிற தைரியத்துலதான் இதைச் சொல்றேன்" என்றார். "அவகிட்ட நான் பேசுனதே இல்லைன்னு நீங்க நெனைப்பீங்க. தெனமும் பேசுவேன். அவ தைச்சுக்கிட்டு இருக்கப்ப, அவ முதுகுக்குப் பின்னால உக்காந்து, ஆபீஸ்ல நடந்தது, அவ அம்மா போனது, எல்லாத்தையும் சொல்லுவேன். அவ போயிட்டா நான் யாருகிட்டப் பேசுவேன்?"

சதுரத்துக்குள் உன் கைகள் நின்றுவிட்டன. அப்பா ரகசியமாகச் சொல்வதை மகளிடம் சொல்லலாமா என்று நீ யோசித்தது என் ஒருவனுக்குத்தான் தெரிந்திருக்கும். உன் முகத்தைப் பார்த்தேன். நீ எஸ்தரைப் பார்த்தாய். அவள் டிவியில் உன் கைகளுக்காகக் காத்திருந்தாள். பிறகு கைகள் அசைந்தன. ஒன்றையும் விடாமல் சொன்னாய். தைரியம் என்று அவர் சொன்னதையும் சேர்த்து.

எஸ்தர் எழுந்து அப்பாவுக்கு முன்னால் வந்து நின்று கையை அசைத்தாள். அவருக்குப் புரியவில்லை. பயந்துபோனார். நீ ஓரத்திலிருந்த இன்னொரு மைக்கை எடுத்தாய்.

"கேட்டுட்டேன்னு சொல்றா, அப்பா. அம்புட்டையும் கேட்டுட்டேன்னு சொல்றா."

நான் எந்தப் பட்டனையும் தொடவில்லை. தொட்டிருக்க வேண்டியதும் இல்லை. மகளின் கையும் அப்பாவின் முகமும் ஒரே கேமராவிலேயே இருந்தன.

அதற்கப்புறம் கொட்டாம்பட்டியிலிருந்து டி. கல்லுப்பட்டி வரை எத்தனையோ மண்டபங்களில் நீ அந்த ஓரத்தில் நின்றாய். காது கேட்காதவர் ஒருவர் வருகிறார் என்றால்கூடப் போதும், கூலி பேசாமல் நிற்பாய். உன் அப்பா வாரம் ஒருமுறை திண்டுக்கல் போய் மகளிடம் கைப்பேச்சு கற்றுக்கொண்டார். விரல் மடங்காத வயதில். பிறகு உனக்கு மஞ்சள் காமாலை வந்தது. சாதாரணமாகத்தான் நினைத்தோம். கல்லீரலைக் கெடுத்து, உன்னையே கொண்டுபோய்விட்டது.

உன் அடக்க ஆராதனைக்கு நான் கேமரா எடுத்துப்போகவில்லை. நடுவில் எங்கோ உட்கார்ந்திருந்தேன். போதகர் உன்னைப் பற்றி நன்றாகப் பேசினார். முன்வரிசையில் எஸ்தர் அவர் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் மீசை உதட்டை மறைத்தது. ஊருக்கெல்லாம் கையால் சொன்ன நீ பெட்டியில் படுத்திருந்தாய். அவளுக்குச் சொல்ல ஆளில்லை. உன் அப்பா முயன்று பார்த்தார். விரல் மடங்கவில்லை. அவர் திரும்பி என்னைத் தேடி, கையாலேயே "வா" என்றார்.

போய் அவளுக்கு முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்தேன். எத்தனையோ வருடம் உன் கைகளைத் திரையில் பார்த்துப் பார்த்து எனக்கு வந்திருந்த கொஞ்சத்தை வைத்துச் சொன்னேன். போதகர் சொன்ன பெரிய வார்த்தைகளுக்கு என்னிடம் சைகை இல்லை. நல்லவன், உழைத்தான், சிரிக்கவைத்தான் என்று எனக்குத் தெரிந்ததாக மாற்றிச் சொன்னேன். உன்னைக் குறிக்க வேண்டி வந்தபோது, அவர்கள் உனக்கு வைத்திருந்த பெயரைச் சொன்னேன். அவர்கள் பெயரை எழுத்துக்கூட்டிச் சொல்ல மாட்டார்கள். ஆளிடம் உள்ள ஒரு அடையாளத்தைத் தொட்டுக் காட்டுவார்கள். சின்ன வயதில் உன் புருவத்தில் விழுந்த வெட்டுத் தழும்புதான் உன் பெயர். இரண்டு விரலால் புருவத்தைத் தொட்டேன்.

எஸ்தர் அழுதுகொண்டே தலையை ஆட்டினாள். என் கையைப் பிடித்து, இடது புருவத்திலிருந்து எடுத்து வலது புருவத்தில் வைத்தாள். எதிரில் நின்ற உன்னையே பார்த்துக் கற்றவன் நான். கண்ணாடியில் பார்ப்பதுபோல் பக்கம் மாற்றியே பழகியிருந்தேன்.

இப்போது மண்டபங்களில் என் மனைவி கம்ப்யூட்டர் முன்னால் உட்காருகிறாள். நான் ஓரத்தில், கேமராவுக்கு முன்னால் நிற்கிறேன். உன் வேகம் எனக்கு வராது. வந்தவர்கள் இதை எங்கே கற்றீர்கள் என்று கேட்பார்கள். உன் பெயரைச் சொல்வேன். கை இப்போது நேராக வலது புருவத்துக்குப் போகிறது.